ஒரு வாதம் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. ‘அணுமின்சாரம் நமக்குத் தேவையா?’ என்பது தலைப்பு. நடுவர் மூவரில் நானும் ஒருவன். வந்து சேர்ந்த கட்டுரைகளில் இரண்டு மட்டும் இன்றும் என் நினைவில் நிற்கின்றன.

ஒன்று முதற்பரிசு பெற்ற கட்டுரை. அதில் ஐன்ஸ்டைன் வந்தார், சர் சி.வி. இராமன் வந்தார், ‘யாவரும் அறிந்ததே’, ‘எவராலும் மறுக்க முடியாத உண்மை’ என்ற தொடர்கள் பக்கந்தோறும் வந்தன. நல்ல மேடைப்பேச்சைக் கேட்பது போலிருந்தது. மற்றொன்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியது. நான்கே பக்கம். தம் கணக்கு எந்த எண்ணை நம்பி நிற்கிறது என்று முதற்பக்கத்திலேயே சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பாரின் கடினமான கேள்வி ஒன்றைத் தாமே எழுப்பி, அதற்குத் தம்மால் பாதி விடைதான் கூற முடிகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார். ‘இந்த எண் தவறானால் என் முடிவும் மாறும்’ என்று முடித்திருந்தார்.

அந்தத் தாளின் ஓரத்தில், ‘உன் முடிவில் உனக்கே நம்பிக்கை இல்லையே!’ என்று சிவப்பு மையால் எழுதியவன் நான்தான். அவருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

நான் எழுதியது தவறு என்பதைப் பின்னர் எனக்கு உணர்த்தியவை, 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் வெளிவந்த இரண்டு அறிவியல் கட்டுரைகள். இரண்டும் பூமியின் வயதைப் பற்றியவை. ஒன்று எழுதியவர் உலகப் புகழ் பெற்ற ஆசான். அதை மறுத்து எழுதியவர் அவருடைய பழைய உதவியாளர். வாதக் கட்டுரை என்பது எதனால் வலுப்பெறுகிறது, எதனால் வலுவிழக்கிறது என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு இவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆசானின் வாதம்

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நிலவியலார் பலர் பூமியின் வயதுக்கு எல்லை வகுக்க விரும்பவில்லை. மலை தேய்வதும் வண்டல் படிவதும் இன்று நடப்பது போலவே என்றும் மெல்ல மெல்ல நடந்தன. அதற்குக் காலம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை. டார்வினும் தம் கொள்கைக்கு நெடுங்காலம் வேண்டி நின்றார். 1859-இல் வெளியான தம் நூலில், தென் இங்கிலாந்தின் ஒரு நிலப்பகுதி அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். அரிப்பின் வேகத்தை அவர் ஊகமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கண்டனம் எழுந்தது. 1861-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கணக்கையே நீக்கிவிட்டார்.

இந்நிலையில் 1862 ஏப்ரலில், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பூமி நெடுங்காலமாகக் குளிர்ந்து வருவதைப் பற்றிய தம் கட்டுரையை எடின்பரோ ராயல் கழகத்தின் முன் வைத்தார். 1892-இல் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்றவர் இவரே. தனிவெப்பநிலை அளவுகோலில் நாம் நாள்தோறும் வழங்குவது இவருடைய பெயர்தான்.

அவருடைய வாதம் எளியது. பூமிக்குள் ஆழம் போகப்போகச் சூடு ஏறுகிறது என்பது சுரங்கங்களில் கண்ட உண்மை. அப்படியானால் உள்ளிருந்து வெளியே வெப்பம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது, பூமி குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது உருகிய பாறையின் சூட்டில் இருந்து, திண்மமாகி, பின் மேற்புறத்திலிருந்து குளிரத் தொடங்கியது என்று கொள்வோம். இன்று மேற்பரப்பின் அருகே ஆழத்துக்கு ஏற்ப வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று தெரிந்தால், குளிரத் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிட்டுவிடலாம். இதற்கு வேண்டிய கணிதத்தை ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1822-லேயே நூலாக வெளியிட்டிருந்தார்.

கெல்வினுக்குத் தேவைப்பட்டவை மூன்றே எண்கள். தொடக்க வெப்பநிலை 7,000 பாகை பாரன்ஹீட். வெப்பநிலை உயர்வு 50 அடி ஆழத்துக்கு ஒரு பாகை. பாறையில் வெப்பம் பரவும் திறன் ஆண்டுக்கு 400 சதுர அடி. இந்த மூன்றாவது எண் எடின்பரோவில் பாறையிலும் மணலிலும் வெப்பமானிகளைப் புதைத்து எடுத்த அளவுகளிலிருந்து கிடைத்தது. மாணவர்கள் தாமே சரிபார்க்கலாம்: 7,000-இன் வர்க்கத்தை 50-இன் வர்க்கத்தால் பெருக்கி, வரும் தொகையை 400 × 3.14 என்பதால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 9 கோடியே 75 இலட்சம் வரும். கெல்வின் 9 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள் என்று கூறினார். ஆழத்தில் உள்ள பாறையின் பண்புகள் சரிவரத் தெரியாத காரணத்தால், 2 கோடிக்குக் குறையாது, 40 கோடிக்கு மிகாது என்று அகலமான எல்லையும் வகுத்தார்.

இதில் என்ன சிறப்பு?

இன்று நமக்குத் தெரிந்த பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். கெல்வினின் மேல் எல்லையே அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முடிவு தவறானதால் கட்டுரையும் மட்டமானது என்று சொல்லிவிடலாமா? கூடாது. முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. வாதம் எப்படி அமைந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. விடைத்தாளில் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் ஆசிரியனை மாணவர்கள் மன்னிப்பார்களா?

அந்தக் கட்டுரையில் மூன்று நற்பண்புகளைக் காண்கிறேன். முதலாவது, தாம் யாருடைய எந்தக் கருத்தை மறுக்க வந்தோம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நிலவியலார் சிலர் வெப்ப இயக்கவியலின் அடிப்படை விதிகளைப் பாராமல் விட்டுவிட்டனர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. படிப்பவர் எதைத் தேடிப் படிப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. இரண்டாவது, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறார். ஐயமுள்ளவர் வேறு எண்ணைப் போட்டுக் கணக்கை மீண்டும் செய்து பார்க்கலாம். மூன்றாவது, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறி, அதற்கு இடம்விட்டு எல்லையை விரித்து வைக்கிறார்.

பின்னாளில் ஒருவர் வந்து அந்த வாதத்தைச் சரியான இடத்தில் தொட்டு வீழ்த்த முடிந்ததென்றால், அதற்கு வழி வைத்ததும் இந்தத் தெளிவே. புகைமூட்டமான கட்டுரையை யாரும் மறுக்க முடியாது. அதனாலேயே அதிலிருந்து யாரும் எதையும் கற்கவும் முடியாது.

அழகான மறுப்பு, ஆனால்...

கெல்வினுக்கு வந்த பெயர்பெற்ற மறுப்பு, 1869-இல் தாமஸ் ஹக்ஸ்லி லண்டன் நிலவியல் கழகத்தில் ஆற்றிய தலைமையுரை. கணிதத்தை அவர் ஒரு நேர்த்தியான மாவு எந்திரத்துக்கு ஒப்பிட்டார். எந்திரம் எவ்வளவு நன்றாக அரைத்தாலும், போட்டதுதானே மாவாகும்? கணக்குச் சரியாக இருப்பதாலேயே, தொடக்கத்தில் கொண்ட கருதுகோளும் சரியாகிவிடாது என்பது கருத்து.

அருமையான எச்சரிக்கை. நானும் வகுப்பில் பலமுறை எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் வாதம் என்ற முறையில் பார்த்தால் இது பாதி வேலைதான். எந்திரத்தில் போட்டவற்றுள் எது சொத்தை என்று ஹக்ஸ்லி விரல் வைத்துக் காட்டவில்லை. எந்தக் கணக்கைப் பற்றியும் இதே குறையைச் சொல்லலாமே! எல்லாவற்றுக்கும் பொருந்தும் மறுப்பு, எதையும் குறிப்பாக அசைப்பதில்லை. கெல்வினின் எல்லை மேலும் கால் நூற்றாண்டு நிலைத்து நின்றது.

உதவியாளரின் மறுப்பு

1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில் சாலிஸ்பரி பிரபு தலைமையுரை ஆற்றினார். முன்பு பிரதமராக இருந்தவர். அடுத்த ஆண்டே மீண்டும் பிரதமரானவர். இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு வேண்டிய காலத்தைக் கெல்வினின் கணக்கு அளிக்கவில்லை என்பதை அவர் ஒரு வாதமாக எடுத்து வைத்தார். கெல்வினின் எண், சோதித்துப் பார்க்க வேண்டிய கணக்காக இல்லாமல், எதிரியின் வாயை அடைக்கும் பெரியவர் வாக்காக மாறிவிட்டது.

ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியரைச் சிந்திக்க வைத்தது இந்த நிகழ்ச்சியே. அவர் கிளாஸ்கோவில் கெல்வினிடம் உதவியாளராக இருந்தவர். அவரிடம் மிகுந்த மதிப்புக் கொண்டவர். தாம் எழுதியதை உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. முதலில் கெல்வினுக்கும் வேறு சில அறிஞர்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார். அதன் பின்னரே, 1895 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது.

பெர்ரி என்ன செய்தார்? கெல்வினின் கணிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். கணிதத்துக்கு அடியில் இருந்த ஒரே ஒரு கருதுகோளை மட்டும் எடுத்துக்கொண்டார்: பூமியின் உட்பகுதி முழுவதும் மேற்பாறையைப் போலவே மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதே அது.

இதை நம் வீட்டுச் சமையலறையிலேயே விளங்கிக்கொள்ளலாம். கேழ்வரகுக் களியை உருண்டையாக்கித் தட்டில் வைத்தால், சிறிது நேரத்தில் மேற்புறம் ஆறிவிடும்; பிட்டால் உள்ளே சுடும். களி அசையாது, வெப்பம் கடத்தல் வழியாகவே மெல்ல வெளியேற வேண்டும். ரசம் அப்படியன்று. ஆறியது கீழே இறங்க, சூடானது மேலே ஏறும். உள்ளே உள்ள வெப்பமெல்லாம் மேற்புறத்துக்கு வந்துகொண்டே இருக்கும். மேற்புறம் சீக்கிரம் ஆறாது. ஆகவே மேற்புறத்துச் சூட்டைக் கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்ல வேண்டுமானால், உள்ளே இருப்பது களியா ரசமா என்பது முதலில் தெரிய வேண்டும்.

கெல்வினின் பூமி, களி உருண்டை. பெர்ரியோ, மேலே ஒரு மெல்லிய ஓடு, உள்ளே வெப்பத்தை எளிதில் கொண்டுவரும் பெரும்பகுதி என்று வைத்துக் கணக்கிட்டார். ஆழத்து வெப்பம் ஓட்டுக்கு அடியில் இடைவிடாது வந்து சேர்வதால், மேற்பரப்பின் வெப்பநிலைச் சரிவு நெடுங்காலம் குறையாமல் நிற்கும். 50 அடிக்கு ஒரு பாகை என்ற அதே அளவைக் கொண்டு 200 கோடி ஆண்டுகளுக்கு மேலும் வயது கூற முடியும் என்று ஆயிற்று.

திண்மமான பாறை எப்படி ரசம் போல ஓடும் என்று கேட்கலாம். அதற்கும் பெர்ரியிடம் விடை இருந்தது. சுரங்கப் பாதைகள் மெல்ல மெல்ல மூடிக்கொள்வதையும், பூமியின் மேலோடு மடிந்தும் பிளந்தும் உருமாறுவதையும் எடுத்துக்காட்டினார். பாறை, செருப்புத் தைப்பவரின் மெழுகைப் போன்றதன்று என்பது தமக்குத் தெரியும்; ஆனாலும் 100 கோடி ஆண்டு என்பது நெடுங்காலம், விசைகளோ பெரியவை என்றார். இன்று பூமியின் மூடகம் திண்மமாக இருந்துகொண்டே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று நாம் படிக்கிறோம். கண்டங்கள் நகர்வதும் இதனோடு சேர்ந்ததே.

கெல்வினின் நண்பரான டெயிட் என்ற பேராசிரியருக்கு இந்தக் கட்டுரை எரிச்சல் ஊட்டியது. உள்ளே நன்றாகக் கடத்தினால் வயது கூடும் என்பது வெளிப்படை. இதற்குக் கணக்கு எதற்கு, உம் நோக்கம்தான் என்ன என்று கேட்டார். பெர்ரி அளித்த விடையின் சாரத்தை ஒவ்வொரு மாணவரும் மனத்தில் கொள்ள வேண்டும். இதற்கு மேல் வயது இருக்கவே முடியாது என்று ஒருவர் கூறினால், அதைவிடக் கூடுதலான வயதைத் தரக்கூடிய ஒரு நிலைமை இருக்க முடியும் என்று காட்டினாலே அந்த வழக்குத் தோற்றுவிடும். பூமியின் உட்பகுதி உண்மையில் அப்படித்தான் இருக்கிறது என்று மறுப்பவர் நிறுவ வேண்டியதில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு, ‘முடியாது’ என்று சொன்னவருடையது.

தமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே பெர்ரி சொன்னார். பூமியின் வயது இதுதான் என்று அவர் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால், எதிர்த்தரப்பார் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதத்தை வேறு பக்கம் இழுத்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரையிலும் குறை உண்டு. கணிதம் அடர்ந்து கிடக்கிறது. யாருக்காக அவர் வாதாடினாரோ அந்த நிலவியலார் பலராலும் அதைப் பின்தொடர முடிந்திருக்காது. கெல்வினின் கட்டு தளர்ந்தது என்ற செய்தி மட்டும் அவர்களுக்கு எட்டியது. அதன் காரணம், அதாவது ஆழத்துப் பாறை ஊர்ந்து வெப்பத்தைச் சுமந்து வரலாம் என்ற கருத்து, பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. சரியான வாதமும், கேட்க வேண்டியவர் மொழியில் சொல்லப்படாவிட்டால் பாதிப் பயனே தரும்.

கெல்வினின் பிற்காலம்

பெர்ரியின் தாளைப் படித்த கெல்வின், தம் மேல் எல்லையை 40 கோடிக்குப் பதிலாக 400 கோடி என்றுகூட வைத்திருக்கலாம் போலும் என்ற அளவுக்கு இறங்கி வந்து பதில் எழுதினார். பெருந்தன்மையான பதில். அங்கேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் 1897-இல் ஆற்றிய சொற்பொழிவில், பூமியின் வயது 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையே என்று எல்லையை முன்னிலும் குறுக்கிவிட்டார். பாறைகளின் உருகுநிலையைப் பற்றிய புதிய அளவுகள் அவர் கையில் இருந்தன. அவை நல்ல அளவுகளே. ஆனால் ஐயத்துக்குரிய கருதுகோள் மட்டும் தொடப்படாமல் அப்படியே இருந்தது. எண்களைத் துல்லியமாக்கிக்கொண்டே போனார். எண்கள் எதன்மேல் நின்றனவோ அதை மீண்டும் சோதிக்கவில்லை. 1862-இன் கட்டுரையும் 1897-இன் சொற்பொழிவும் ஒருவருடையவைதாம். முதலாவதை நான் மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவேன். இரண்டாவதை எச்சரிக்கையாகக் காட்டுவேன்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1896-இல் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ரேடியம் ஓயாமல் வெப்பம் வெளியிடுவதை 1903-இல் கியூரியும் லபோர்டும் அளந்தனர். பூமிக்குள் இப்படி ஒரு வெப்ப ஊற்று இருப்பதை அறியாததால் கெல்வின் பிழைபட்டார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்தேன். கதை சுவையானது, புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் கெல்வினின் கணக்கில் வெப்பம் வெளியேறுவது, மேலே உள்ள ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அடுக்கிலிருந்து மட்டுமே. களி உருண்டையை அப்படியே வைத்துக்கொண்டு அந்த அடுக்கில் கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்தாலும், விடை 454 கோடியை எட்டாது. கெல்வின் விட்ட முதன்மையான இடம், பெர்ரி தொட்ட இடமே. கதிரியக்கத்தின் பெருந்தொண்டு வேறு: பாறையின் வயதைச் சொல்லும் கடிகாரமாக அது பயன்பட்டது. அந்தக் கடிகாரத்தைக் கொண்டே 1956-இல் கிளேர் பாட்டர்சன் 455 கோடி ஆண்டுகள் என்ற மதிப்பை வெளியிட்டார்.

நானும் போட்டதைச் சோதிக்காமல் அரைத்துக் கொடுத்தவன்தான்.

மாணவர்களுக்கு

வாதக் கட்டுரை எழுத உட்காரும் மாணவ நண்பர்களே, இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. உங்கள் முடிவு எந்தக் கருதுகோளின் மேல் நிற்கிறது என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு படிப்பவருக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘யாவரும் அறிந்ததே’ என்று எழுதக் கை போனால் அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்தச் சொற்களுக்கு அடியில்தான் சோதிக்கப்படாத கருதுகோள் ஒளிந்திருக்கும். பெரியவர் பெயரைச் சொல்லும்போது அவர் எதைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெல்வினின் எண்ணைக் கையிலெடுத்த சாலிஸ்பரி பிரபு அதைத்தான் செய்யத் தவறினார்.

பிறர் கருத்தை மறுக்கும்போது, அவர் சொன்னதில் சரியானதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் தவறான இடம் தனித்துத் தெரியும். உங்கள் வாதத்தால் நிறுவ முடிந்த அளவுக்கு மட்டுமே முடிவு கூறுங்கள். ஓர் அங்குலம் கூடக் கூறினால், அந்த ஓர் அங்குலத்தில்தான் உங்களைப் பிடிப்பார்கள்.

நடுவர்களாக அமரும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தயக்கம் வேறு, தன் வாதத்தின் எல்லையை அறிந்திருத்தல் வேறு. முதலாவது குறை, இரண்டாவது அறிவியலின் உயிர். இரண்டையும் பிரித்தறியாமல் நாம் பரிசு வழங்கினால், உரக்கப் பேசுவதே வாதம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் நாமாகவே இருப்போம்.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவருடைய தாளும் இப்போது என்னிடம் இல்லை. இருந்திருந்தால், சிவப்பு மையில் எழுதிய அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருப்பேன்: ‘உன் வாதம் எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று காட்டியிருக்கிறாய். வா, அந்த எண்ணைச் சேர்ந்து சோதித்துப் பார்ப்போம்.’